மிளகாய் அரைக்கப் போனேன், வாய் திறந்தேன்

ஆனைமலைத் தாயின் வாசலுக்கு வந்துபோகிற அண்ணன்மார், அக்காமார், தங்கச்சிமார் எல்லோருக்கும் உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து சாந்தாமணி எழுதுகிறேன். மாசாணியம்மன் எனக்குச் செய்ததை நாலு பேருக்குச் சொல்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வேண்டிக்கொண்டு மாதங்கள் ஆகிவிட்டன. எழுத உட்காரும்போதெல்லாம் வெட்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. தீராத வியாதி தீர்ந்தது என்றால் தலை நிமிர்ந்து சொல்லலாம். காணாமல் போன நகை கிடைத்தது என்றால் ஊரைக் கூட்டிச் சொல்லலாம். எனக்கு வந்த கஷ்டம் அப்படிப்பட்டது இல்லை. எனக்கு எதுவுமே சந்தோஷமாக இல்லாமல் போய்விட்டது. அவ்வளவுதான். இதைச் சொன்னால், "சோறு தண்ணிக்குக் கொறையில்லாதவளுக்கு வந்த கொழுப்பப் பாரு" என்பார்கள். நானே என்னை அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. என் வீட்டுக்காரர் துரைசாமி காலையில் தோப்புக்குப் போனால் மத்தியானச் சோற்றுக்குத்தான் வருவார். அதிர்ந்து பேசாத மனுஷன். ஒரே மகள் கௌசல்யா. ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிற குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை, வாயாடி. கல்யாண வீட்டில் எந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கிறதோ அந்தப் பக்கம் சாந்தாமணி இருக்கிறாள் என்று அர்த்தம் என்பார்கள். அந்தச் சாந்தாமணிதான் போன வருடம் சித்திரையில், எங்கள் ஊர்க் கோயில் நோம்பி அன்று, மாவிளக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மேளம் கொட்டக் கொட்ட, இதெல்லாம் எப்போது முடியும் என்று நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு வெயிலின் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படியே இருந்தது. புதுச் சேலையைப் பிரித்தால் துணி. பூ வைத்தால் தலையில் ஒரு பாரம். நாலு மணிக் காப்பிக்கு மூன்றரைக்கே அடுப்பங்கரைக்குப் போகிறவள் நான். அந்தக் காப்பி ஆறி ஏடு படிந்து கிடக்கும், நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று காரணமே இல்லாமல் அழுவேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வருவேன். அவர் சாப்பிட்டுத் தோப்புக்குத் திரும்பியதும் போய்ப் படுத்துக்கொள்வேன். பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

எங்கள் ஊர் டாக்டரிடம் போனேன். அவரிடம் இதை எப்படிச் சொல்வது? எங்கள் வீடுகளில் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்லுவோம். "எதுலயும் ருசியே இல்லாமப் போச்சுங்க" என்றேன். அவர் நாக்கை நீட்டச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தார். பசி எடுக்க ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். நான் சொன்ன ருசி நாக்கில் இல்லைங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு வந்து டானிக்கைக் குடித்தேன். பசி மட்டும் நன்றாக எடுத்தது. எந்த ருசியும் தெரியாமல் தட்டுத் தட்டாகத் தின்றேன். ரவிக்கை எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. பார்க்கிறவர்கள், "நல்லா பூரிச்சுட்டீங்களே அம்மணி" என்றார்கள். "ஆமாங்க, நல்லாருக்கறனுங்க" என்றேன்.

இந்த நல்லாருக்கறனுங்கதான் என்னைக் கெடுத்தது. எங்கள் பக்கம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. கை ஒடிந்து கட்டுப் போட்டிருந்தாலும் நல்லாருக்கறனுங்க என்றுதான் ஆரம்பிப்போம். வீட்டில் மாசாணித்தாய் படத்துக்கு முன்னால் விளக்கு வைக்கும்போதுகூட, "எல்லாம் நல்லா வெச்சிருக்கற தாயி" என்றுதான் தினமும் கும்பிட்டேன். தெய்வத்திடமும் மரியாதைப் பேச்சு. ஒரு நாளாவது எனக்கு இன்னது வேண்டும் என்று கேட்டதில்லை.

ஆடி மாதக் கடைசியில் கௌசல்யா போன் செய்தாள். "அம்மா, நான் மாசமா இருக்கறனுங்கம்மா" என்றாள். குரல் நடுங்கியது பிள்ளைக்கு. இந்த வார்த்தையைக் கேட்பதற்காக நான் எத்தனை கோயில் ஏறி இறங்கியிருக்கிறேன் என்று அந்தத் தாய்க்குத் தெரியும். கேட்டேன். எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்று யாரோ சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"சரி கண்ணு. சாப்டியா?" என்றேன்.

 "சாப்டனுங்கம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. பெற்ற பிள்ளை மேல் பாசம் இல்லாத ஜென்மம் ஆகிவிட்டேனோ என்று பயம். கோயமுத்தூரில் ஜவுளி எடுக்கப் போகும் வழியில் ஒரு மனநல டாக்டர் அம்மாவின் போர்டு பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரரிடம், "கண்ணுல பூச்சி பறக்கறாப்பல இருக்குதுங்க, டெஸ்ட் பண்ணிட்டு வாரேன்" என்று சொல்லிப்போட்டுத் தனியாகப் பஸ் ஏறினேன். உள்ளே உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க முந்தானையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டிருந்தேன். தெரிந்த முகம் எதுவும் வந்துவிடக் கூடாதே தாயி என்று வேண்டிக்கொண்டேன். அங்கே வந்திருந்த எல்லோருமே அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார்கள் போல. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

டாக்டர் அம்மாவிடம் அழுகை வருகிறது, தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அது நிஜம்தான். ஆனால் பாதிதான். மகள் சங்கதியைச் சொல்ல வாய் வரவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர், "கண்ணாடி போடச் சொன்னாங்களா?" என்று கேட்டார். "வேண்டாம்னுட்டாங்க" என்றேன். மாத்திரையைப் பெருங்காய டப்பாவுக்குள் போட்டு மூடிவைத்தேன். ஆம்பளைகள் அந்த டப்பாவைத் திறக்க மாட்டார்கள் அல்லவா. தினமும் பெருங்காய வாசத்தோடு ஒரு மாத்திரை முழுங்குவேன்.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தூக்கம் வந்தது. துவைக்கிற கல்லடியில் அழுகிறது நின்றது. ஆனால் அழுகை போன இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவில்லை. டாக்டர் அம்மாவிடம் மறுபடி போனபோது, "எப்படி இருக்கீங்கம்மா?" என்றார்.

"நல்லாருக்கறனுங்க."

"தூக்கம்?"

"வருதுங்க."

"அழுகை?"

"நின்னு போச்சுங்க."

அவருக்குத் திருப்தி. அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். கதவு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பி நின்றேன். சந்தோஷம் வருவதற்கு ஏதாவது மாத்திரை உண்டுங்களா என்று கேட்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்லைங்க, வாரனுங்க" என்று வந்துவிட்டேன். சந்தோஷத்துக்கு மாத்திரை கேட்கிறவள் எப்படிப்பட்டவள்? என் கொழுந்தனார் சாயங்காலமானால் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வருவார். அவரும் சந்தோஷத்துக்குத்தான் போகிறேன் என்பார். அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. அழுகை நின்றதே பெரிது, அதுக்கு மேல் ஆசைப்படாதே என்று பஸ்ஸில் உட்கார்ந்து என்னை நானே அதட்டிக்கொண்டு வந்தேன்.

கார்த்திகையில் கட்டுச்சோறு வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வழக்கத்தில், மகள் மாசமாக இருக்கும்போது பிறந்த வீட்டார் வகை வகையாகச் சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போவோம். விருந்து வைத்து, வளையல் போட்டு, மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வருவோம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். போன கார் மகளோடுதான் திரும்ப வேண்டும்.

புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று ஒன்று விடாமல் செய்தேன். கை தானாகச் செய்தது. ஈரோட்டில் சம்பந்தி வீடு நிறைய ஜனம். எல்லோரும் பார்க்கிறார்களே என்று முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு நின்றேன். கௌசல்யாவின் கையில் வளையல் போட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து அந்தப் பிள்ளையிடம் எதையும் மறைக்க முடியாது.

பந்தி முடிந்ததும் என்னை உள் அறைக்குக் கூட்டிப்போனாள்.

"அம்மா, நான் வரலீங்கம்மா. பிரசவம் இங்கயே பார்த்துக்கறேன்."

"ஏன் கண்ணு? ஊரு என்ன பேசும்?"

"ஊரு பேசறது இருக்கட்டும். உங்களுக்கு என்னைய வேண்டாமாட்ட இருக்குதுங்கம்மா. நான் போன் பண்ணுனா ரெண்டு வார்த்தை. மாசமா இருக்கறேன்னு சொன்னேன், சாப்டியான்னு கேட்டீங்க. என்னையத்தான் வேண்டாம்னா பரவால்ல. என்ற கொழந்தையவும் இப்படித்தான் பார்ப்பீங்களா?"

நான் அழுதிருக்க வேண்டும். கட்டிப் பிடித்திருக்க வேண்டும். "அப்படியெல்லாம் இல்லை கண்ணு" என்று சொன்னேன். அந்த வார்த்தை எனக்கே பொய்யாகக் கேட்டது. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெற்ற மகளிடம் சொல்ல வெட்கம். வெளியே வந்தபோது சம்பந்தியம்மாதான் என்னைப் பார்த்துவிட்டு, தோளிலிருந்து நழுவிய முந்தானையை எடுத்துப் போட்டுவிட்டு, "மொகம் வாடிக் கெடக்குதுங்களே, ஒரு வாய் மோரு குடிங்க" என்றார்.  காலிப் பாத்திரங்களோடு கார் திரும்பியது. மகளுக்கென்று விட்டிருந்த இடத்தில் சோறு கொண்டுபோன தூக்குப்போசி உட்கார்ந்து வந்தது. வீட்டுக்காரர் வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு நாளில் என் நங்கையா வந்துவிட்டார். அவர் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். பொள்ளாச்சியில் இருக்கிறார். பட்டாசுக்கடையில் நெருப்பு வைத்த மாதிரி பேசுவார், ஆனால் மனசு வெல்லம்.

"கட்டுச்சோறு கொண்டு போயிப் புள்ளையில்லாம வந்த கதைய நம்ம ஊட்ல இப்பத்தான் கேக்கறேன்" என்று ஆரம்பித்தார். "எல்லாம் அந்த ஈரோட்டுக்காரி வேலை. என்னமோ செஞ்சு புள்ளைய வளைச்சுப்போட்டா. உன்ற மூஞ்சியில இருந்த சிரிப்பையும் அவதான் எடுத்துட்டா. கெளம்பு புள்ள. ஆனைமலை போயி அவ பேரச் சொல்லி மொளகா அரைச்சுப் பூசிட்டு வரலாம். தாயி பார்த்துக்குவா."

தாயின் வாசலில் மிளகாய் அரைப்பது உங்களுக்குத் தெரியும். பொருள் களவு போனவர்கள், அநியாயம் செய்யப்பட்டவர்கள் அங்கே வந்து மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். என்ன போனது, யார் எடுத்தது என்று தாயிடம் முறையிட வேண்டும். எரிச்சல் தாங்காமல் தாய் எழுந்து நியாயம் வாங்கிக் கொடுப்பாள். கிடைத்த பிறகு திரும்ப வந்து எண்ணெய்க்காப்புச் செய்து அவளைக் குளிர வைக்க வேண்டும்.

உள்ளதைச் சொல்கிறேன், நங்கையா சொன்னது பொய் என்று தெரிந்தும் அவர் வந்த மூன்றாம் நாள் கூடவே போனேன். சம்பந்தியம்மாதான் எடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். திருடியவர் என்று ஒருவர் இருந்தால் கேட்டு வாங்கிவிடலாமே. என் மேல் தப்பில்லை என்றும் ஆகிவிடுமே.

அன்றைக்குக் கூட்டம் அதிகம் இல்லை. தரிசனத்துக்கு நின்றோம். எத்தனையோ தடவை பார்த்த தாய்தான். அன்றைக்குத்தான் அவள் படுத்திருப்பது என் கண்ணில் பட்டது. காலும் கையும் நீட்டி, அத்தனை பெரிய உடம்பைத் தரையில் கிடத்திப் படுத்திருக்கிறாள். நான் பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறேனே என்று எத்தனை கூசியிருப்பேன்! வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அடித்துப் பிடித்து எழுந்து உட்காருவேன். இங்கே படுத்திருக்கிறவளிடம்தான் இத்தனை பேரும் நியாயம் கேட்டு வருகிறார்கள். அவளை யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. 

அரைக்கிற இடத்தில் உட்கார்ந்தோம். மிளகாயைப் போட்டுத் தண்ணீர் தெளித்தேன். "ம், பேரச் சொல்லு" என்றார் நங்கையா பக்கத்திலிருந்து. பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா முந்தானையை எடுத்துப் போட்டதும், மோர் குடிக்கச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. பெயர் வரவில்லை. குழவியை உருட்டினேன். "சொல்லு புள்ள" என்று முழங்கையால் இடித்தார். குழவியை நிறுத்தினேன்.

"தாயி, யாரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியலீங்க. என்ன போச்சுன்னு மட்டும் சொல்றேன். எனக்கு எதுவுமே சந்தோசமா இல்லீங்க தாயி. என்ற புள்ள மாசமா இருக்கறது கூட எனக்குச் சந்தோசமா இல்லீங்க. நான் பெத்தவளே இல்லீங்க. கல்லாட்ட ஆயிட்டேன். பேரனோ பேத்தியோ வரப்போகுது, அதுக்குள்ள அதைய எனக்குத் திருப்பிக் குடு தாயி. கேக்க வெக்கமா இருக்குது. ஆனாலும் கேக்கறேன், குடு."

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் அரைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்படியே இரண்டு கையாலும் முகத்தை மூடினேன். மிளகாய்க் கை!

"அய்யோ, அடிப் பைத்தியக்காரி!" என்று நங்கையா என்னை இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். கண் இரண்டும் நெருப்பாக எரிந்தது. தண்ணீரை வாரி வாரி அடித்தார். எரிச்சலில் கத்தினேன். கத்தினது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியாது. மாதக்கணக்கில் வராத அழுகை. அது முன்னே மாதிரி காரணமில்லாத அழுகை இல்லை. எனக்கு என்ன போனது என்று தெரிந்து அழுத அழுகை. நங்கையா ஈர முந்தானையால் என் கண்ணை ஒத்திக்கொண்டே, அவரும் மூக்கை உறிஞ்சினார்.

கண் திறக்க முடிந்ததும், "ஏம்புள்ள, இப்பத் தாயிகிட்டச் சொன்னியே, இதைய அந்த டாக்டரம்மாகிட்டச் சொன்னியா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த டாக்டருங்க?"

"என்னையக் கேனச்சின்னு நெனச்சியா? முந்தாநேத்து நீ படுத்துக் கெடந்தயே, சாம்பாருக்குப் பெருங்காயம் எடுக்கலாம்னு டப்பாவத் தொறந்தேன். உள்ள மாத்திரை. செல்போன்ல போட்டோ எடுத்து எம்மகனுக்கு அனுப்பிக் கேட்டேன். மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதுன்னான். எங்கிட்டச் சொல்லுவ சொல்லுவன்னு பார்த்தேன், நீ எங்க சொன்ன."

"தெரிஞ்சுமா மொளகா அரைக்கக் கூட்டிட்டு வந்தீங்க?"

"அதுவும் ஆகட்டும், இதுவும் ஆகட்டும்னு நெனச்சேன். அதுக்கென்ன இப்ப?"

பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஈரோட்டம்மா பேரச் சொல்லாம உட்டயே, நல்லதாப் போச்சு. நாந்தான் வாய நீட்டிப்போட்டேன்" என்றார். அரைத்த மிளகாயைக் கொண்டுபோய் யார் பெயரும் சொல்லாமல் கல்லில் பூசினோம்.

மார்கழி பிறந்ததும் கோயமுத்தூருக்கு நங்கையாவும் கூட வந்தார். டாக்டர் அம்மா வழக்கம்போல, "எப்படி இருக்கீங்கம்மா?" என்றார்.

"நல்லா..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. நங்கையா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது.

"நல்லா இல்லீங்க" என்றேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னேன். தாயிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒருமுறை சொல்லிவிட்டதால் வழி தெரிந்திருந்தது. மகள் போன் செய்தது, காப்பி ஆறிப்போவது, கட்டுச்சோறு. இருந்தாலும் ஒன்று, போனாலும் ஒன்று என்று தோன்றுவதைச் சொன்னபோது டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேட்டார். இல்லைங்க என்றேன். அது உண்மைதான். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "சந்தோசம் வாரதுக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்குதுங்களா? கேக்கறது தப்புன்னா மன்னிச்சுக்குங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இதுல தப்பு என்னம்மா? இத்தனை நாள் இதைத்தான் நீங்க சொல்லாம விட்டுட்டீங்க" என்றார். எதிலும் சந்தோஷம் தெரியாமல் போவதே இந்த வியாதியின் ஒரு பகுதி, பாசம் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை என்றார். சில பேருக்குத் துக்கம் குறைந்தாலும் இது போகாது, சில மாத்திரைகளில் மனசு மரத்த மாதிரி இருப்பதும் உண்டு, சொன்னால்தான் மாற்ற முடியும் என்றார். மாத்திரையைப் படிப்படியாக மாற்றினார். குடித்தவுடன் சந்தோஷம் வருகிற மாத்திரை என்று ஒன்று கிடையாது, இது மெதுவாகத்தான் வரும், நீங்களாக நிறுத்தக் கூடாது, தோன்றாவிட்டாலும் முன்னே பிடித்த வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் நங்கையா போனை எடுத்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் தடுக்கத் தடுக்கச் சொன்னார். வீட்டுக்குப் போக எனக்குக் காலே வரவில்லை. அவர் வாசலில் நின்றிருந்தார். "கண்ணு டெஸ்ட்டுன்னு சொன்னியே" என்றார். அவ்வளவுதான். கண் கலங்கியிருந்தது. அடுத்த தடவை மாத்திரை தீர்ந்தபோது சீட்டை வாங்கிக்கொண்டு எங்கள் ஊர் மெடிக்கலுக்கே போனார். நானும் வண்டியில் இருந்தேன். "எங்கூட்டம்மாவுக்கு மனசு மாத்திரைங்க, வெசயா, சீக்கரமாக் குடுங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அதிர்ந்து பேசாத மனுஷனுக்கு அன்றைக்குத்தானா குரல் வர வேண்டும்? எனக்கு உயிரே போய்விட்டது. மறுநாள் கொழுந்தனார் வந்து, "அண்ணி, எனக்கு அந்தக் கடை, உங்களுக்கு மெடிக்கல் கடைங்களா?" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் தன் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அதன் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. மாத்திரை பெருங்காய டப்பாவிலிருந்து சாமி படத்துக்குக் கீழே வந்தது.

தை பாதி வரைக்கும் ஒரு மாற்றமும் இல்லை. தாய்க்குக் காது கேட்கவில்லையோ என்று இரண்டு தடவை சந்தேகப்பட்டேன், மன்னிக்க வேண்டும். பிறகு ஒரு நாள் காலையில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். சந்தகை தின்ன வேண்டும் போல இருந்தது. அரிசி மாவை வேகவைத்துப் பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றித் தின்பது எங்கள் பக்கத்துப் பலகாரம். எனக்குச் சட்டென்று கை நின்றுவிட்டது. தின்ன வேண்டும் போல இருக்கிறது! அந்தப் 'போல இருக்கிறது' எனக்குள் வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. உடனே அரிசியை ஊறப்போட்டேன். அன்றைக்குச் சந்தகை கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. அவர், "கல்லாட்ட இருக்குது" என்றார். "தின்னா தின்னுங்க, இல்லாட்டி தோப்புக்கு எடுத்துட்டுப் போயி எலி அடிங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மறுநாளே ஈரோட்டுக்குப் போனேன். கௌசல்யாவின் எதிரில் உட்கார்ந்தேன். போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோயிற்று.

"நீ மாசமா இருக்கறேன்னு சொன்னப்ப எனக்கு ஒண்ணுமே தோணல கண்ணு. உன்னைய வேண்டாம்னு இல்ல. அம்மாவுக்குச் சீக்கு. மனசுல சீக்கு. மாத்திரை சாப்பிடறேன். உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

 அவள் என் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "இப்ப ஏதாச்சுந் தோணுதுங்களாம்மா?" என்றாள். குழந்தை உதைத்தது. "கொஞ்சூண்டு தோணுது கண்ணு" என்றேன். பொய் சொல்லவில்லை, கொஞ்சம்தான் தோன்றியது. அந்தக் கொஞ்சத்துக்கே அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். இந்த நிலைமையில் அவளை அலைக்கழிக்க வேண்டாம் என்று பிரசவத்துக்கு நானே அங்கே தங்கினேன். தலைப்பிரசவத்துக்குச் சம்பந்தி வீட்டில் போய்ப் படுத்துக்கொண்ட அம்மாக்காரி எங்கள் சாதி சனத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்குத் தன் கட்டிலை விட்டுக் கொடுத்தது யார் தெரியுமா? மிளகாய் அரைக்க இருந்தேனே, அந்தச் சம்பந்தியம்மா.

மாசியில் பேத்தி பிறந்தாள். துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். ஒன்றும் தோன்றாமல் போய்விடுமோ என்ற பயம். கௌசல்யா கட்டிலிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குட்டி வாயைத் திறந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டது. என் வீட்டுக்காரர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டு விடுவாரே, அச்சு அசல் அதே கொட்டாவி. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பழைய சாந்தாமணியின் சிரிப்பு. வெளியே நின்றிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கௌசல்யா கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

தீட்டு கழிந்ததும் எண்ணெய்க்காப்புக்கு ஆனைமலை போனோம். நானும் நங்கையாவும். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு தாராபுரத்து அம்மா, "காப்புக்குங்களா? களவு போனது கெடைச்சிருச்சுங்களா?" என்று கேட்டார்.

"கெடைச்சிருச்சுங்க. இன்னும் கொஞ்சம் பாக்கி, அதுவும் வந்துரும்."

"எடுத்தது யாருன்னு தெரிஞ்சுதுங்களா?"

நங்கையா என்னைப் பார்த்தார். வரிசையில் முன்னும் பின்னும் எத்தனையோ பேர். எனக்குக் காது சூடானது. அந்த வெட்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை, எழுதும் இந்த நேரத்திலும் இருக்கிறது.

"யாரும் எடுக்கலீங்க. சீக்குங்க. மனசுச் சீக்கு. தாயி டாக்டர்கிட்டச் சொல்ல வெச்சா. மாத்திரை சாப்பிடறனுங்க" என்றேன்.

 வரிசை ஒரு அடி நகர்ந்தது. அந்த அம்மா என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "எந்த டாக்டருங்க?" என்று கேட்டார்.

அந்தக் குரலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் யாராவது அப்படி இருந்தால் தாயிடம் வாருங்கள், நம்பி வாருங்கள், அவள் கைவிட மாட்டாள். வந்து எல்லாம் நல்லா வெச்சிருக்கற தாயி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். என்ன போனது என்று வாய் திறந்து சொல்லுங்கள். அங்கே சொன்னதையே போய் டாக்டரிடமும் சொல்லுங்கள். அவர் எப்படி இருக்கீங்க என்று கேட்கும்போது நல்லாருக்கறனுங்க என்று வாய் வரும். அப்போது உங்களைக் கிள்ளுவதற்கு ஒரு ஆளையும் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள்.